நாவல் படித்த கண்ணும் முதல் எபிசோடும்: வாசகர் கேள்வி – பதில்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முதல் எபிசோடைப் பற்றி, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவலைப் படித்தவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. வேறு இரண்டு தொடர்களும் இடையில் எட்டிப் பார்க்கின்றன. முதல் எபிசோடுக்குப் பிறகு நடக்கும் எதையும் இங்கே போட்டு உடைக்கவில்லை.

நாவலின் முன்கதையில் உயிரோடு தப்புவது காரெட். தொடரில் வில் தப்புகிறான். ஆரம்பமே இப்படி என்றால் எப்படி? படித்தவர்களைச் சீண்டிப் பார்க்கிறார்களா?
– வாசகி, திருநெல்வேலி

சீண்டல் இல்லை. ஆனால் உங்கள் கோபத்தில் பாதி நியாயம், அது வேறு இடத்தில் இருக்கிறது.

நாவலில் வடக்கு எல்லையான பனிச்சுவருக்கு அப்பால் போகும் காவலர் மூவரில் வில்லின் கண் வழியாகத்தான் நாம் பார்க்கிறோம். அவன் மரத்தின் மேல் இருக்கிறான். கீழே நடப்பதை எல்லாம் பார்க்கிறான், இறங்கியதும் சாகிறான். அடுத்த அத்தியாயத்தில், காவல் பணியை விட்டு ஓடியதற்காக வின்டர்ஃபெல் கோட்டையின் பிரபு நெட் ஸ்டார்க் தலையை வெட்டும் கைதிக்குப் பெயரே சொல்லப்படுவதில்லை. இரண்டு காதும் ஒரு விரலும் குளிரில் போனவன் என்று மட்டும் வருகிறது. சில பக்கங்களுக்கு முன்னால் காரெட்டின் காதைப் பற்றிப் படித்தது நினைவில் இருந்தால் "அட, அவனா!" என்று பிடித்துக்கொள்வோம். இந்தச் சுகம் அச்சில்தான் கிடைக்கும். திரையில் ஒரு பழக்கமில்லாத கிழவரை உரோமக் குல்லாயோடு இருட்டில் காட்டிவிட்டு, அடுத்த காட்சியில் பகல் வெளிச்சத்தில் மண்டியிட வைத்தால் பத்தில் எட்டுப் பேருக்கு அடையாளம் தெரியாது. அதனால் எந்த முகத்தின் பயத்தை இத்தனை நேரம் பார்த்தோமோ, அதே முகத்தை வெட்டுக்கட்டைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கூடவே அவனைப் பேசவும் விட்டிருக்கிறார்கள்: ஒயிட் வாக்கர்கள் என்ற பனிப்பேய்களைப் பார்த்தேன், ஊருக்குத் தெரிய வேண்டும், நான் கோழையில்லை என்று வீட்டில் சொல்லுங்கள். நாவலில் அவன் என்ன சொன்னான் என்பது நமக்குக் கிடைப்பதே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் நெட்டின் சிறு மகன் ப்ரானுக்குப் பிறகு எதுவும் நினைவில் தங்குவதில்லை.

இந்த மாற்றம் சரி. தவறு ஒரு நிமிடம் முன்னால் நடக்கிறது. நாவலில் வேமார் ராய்ஸ் என்ற அந்தப் பணக்கார வீட்டுப் பிள்ளையை, நமக்கு எரிச்சல் வரும் அளவுக்கு அலட்டலாகக் காட்டிவிட்டு, கடைசியில் அவனை வாளோடு எதிர்த்து நிற்க வைக்கிறார் மார்ட்டின். கை நடுங்குகிறது, ஆனால் ஓடவில்லை. குளிரில் வாள் உடைந்து சிதறுகிறது, சில்லு கண்ணில் பாய்கிறது, சுற்றிலும் மற்ற ஒயிட் வாக்கர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மொத்த நாவலும் மனிதர்களை எப்படி எடைபோடப் போகிறது என்பதற்கு அந்த ஒன்றரைப் பக்கம்தான் முன்னோட்டம்: நாம் மட்டமாக நினைத்தவன் துணிகிறான், நாம் நம்பியவர்கள் ஓடுகிறார்கள். தொடரில் ராய்ஸுக்குப் பின்னால் ஏதோ எழுந்து நிற்கிறது, அவன் விழுகிறான், முடிந்தது. கோபப்பட வேண்டும் என்றால் இதற்குப் படுங்கள்.

முதல் எபிசோடுக்கு நாவலில் எவ்வளவு தூரம் படிக்க வேண்டும்? ஒரு எபிசோடு பார்ப்பது, அந்தப் பகுதியைப் படிப்பது என்று போக ஆசை.
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

முன்கதை, பிறகு எட்டு அத்தியாயம், அதோடு பதினொன்றாவது. நாவலில் அத்தியாயங்களுக்கு எண் கிடையாது, யார் பார்வையில் போகிறதோ அவர் பெயர்தான் தலைப்பு. அதனால் பென்சிலால் நீங்களே எண் போட்டுக்கொள்ளுங்கள்: 1 ப்ரான், 2 கேட்லின், 3 டேனேரிஸ், 4 எட்டார்ட் (நெட்டின் முழுப்பெயர்), 5 ஜான், 6 கேட்லின், 7 ஆர்யா, 8 ப்ரான், 9 டிரியன், 10 ஜான், 11 டேனேரிஸ். மொத்தம் முன்கதையோடு 73.

ஏழாவதில் தையல் வகுப்பு மட்டும்தான் எபிசோடில் தலைகாட்டுகிறது. ஒன்பதையும் பத்தையும் தள்ளிவையுங்கள், அவை இரண்டாம் எபிசோடுக்கு உரியவை. பதினொன்றாவதான, நாடு கடந்து வாழும் பழைய அரச குடும்பத்துப் பெண் டேனேரிஸின் திருமணத்தை முன்னால் இழுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது: எபிசோடு ப்ரான் விழுவதில் முடிய வேண்டும். நாவலில் எட்டாவது அத்தியாயத்தில் அவன் விழுந்த பிறகு நாம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போகலாம். தொடரில் ஒரு வாரம் காத்திருக்க வைத்தார்கள்.

வரிசை விஷயத்தில் ஒரு யோசனை. முதலில் எபிசோடைப் பார்த்துவிட்டுப் படிப்பதைவிட, முன்கதையையும் 1, 2, 4, 8 ஆகிய அத்தியாயங்களையும் படித்துவிட்டுப் பாருங்கள். அப்போதுதான் எதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள், எதைக் கைவிட்டார்கள் என்பது பிடிபடும். மற்றவற்றைப் பிறகு படித்தாலும் நஷ்டமில்லை.

நாவலில் எனக்குப் பிடித்தவள் கேட்லின். எபிசோடில் அவளை 'போகாதீங்க' என்று கண்கலங்கும் மனைவியாக்கிவிட்டார்கள். நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேனா?
– ஆசிரியை, நாமக்கல்

நீங்கள் மட்டும் இல்லை. நாவல் படித்தவர்கள் முதல் எபிசோடின்மேல் வைக்கும் புகார்களில் வலுவானது இதுதான் என்பேன்.

நாவலில் ஆறாவது அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மன்னர் ராபர்ட் நெட்டைத் தன் 'கரம்' ஆக, அதாவது முதலமைச்சராக, தலைநகருக்கு அழைத்திருக்கிறார். நெட்டுக்குப் போக மனமில்லை. போ என்று வற்புறுத்துவது அவர் மனைவி கேட்லின்தான். அவள் கணக்கு தெளிவானது: மன்னர் நீட்டிய பதவியைத் தட்டினால் ஏன் என்று அவர் யோசிப்பார், யோசித்தால் சந்தேகம் வரும், தவிர, மூத்த மகளுக்கு இளவரசன் சம்பந்தம் தேடி வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் தங்கை லைசாவின் ரகசியக் கடிதம் வருகிறது. பழைய 'கரம்' கொல்லப்பட்டார் என்று அதில் இருக்கிறது. அப்போதும் அவள் பின்வாங்கவில்லை. உண்மையைக் கண்டுபிடிக்கவாவது நீ போய்த்தான் ஆக வேண்டும் என்கிறாள்.

தொடரில் அதே படுக்கையறை, அதே கடிதம், அதே மெய்ஸ்டர் லூவின் (மெய்ஸ்டர் என்றால் கோட்டையின் அறிஞர்). போகச் சொல்வது லூவின், தடுப்பது கேட்லின். வசனத்தை ஆள் மாற்றிக் கொடுத்தது போலத்தான் தோன்றும், ஆனால் மாறியது வசனம் இல்லை. நாவலில் இந்தக் குடும்பத்துக்கு நேரப்போகும் எதிலும் அவளுக்கும் பங்கு இருக்கிறது, ஏனென்றால் அவளும் சேர்ந்து எடுத்த முடிவு அது. தொடரில் அவள் நடப்பதற்கு ஆளாகிறவள் மட்டுமே. அரசியல் தெரிந்த ஒரு பெண்ணிடமிருந்து அரசியலைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்குத் தாய்ப்பாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் செய்திருப்பார்கள்? முதல் எபிசோடில் யார் பக்கம் நிற்பது என்று பார்ப்பவருக்குச் சீக்கிரம் தெரிய வேண்டும். ஆசை உள்ள தாயைவிட அஞ்சுகிற தாயின் பக்கம் நிற்பது சுலபம். காரணம் புரிகிறது, ஏற்க முடியவில்லை. மிஷெல் ஃபேர்லி அந்தக் காட்சியில் நடித்திருப்பதைப் பார்த்தால், நாவலின் கேட்லினை அவரால் தாராளமாகத் தூக்கி நிறுத்தியிருக்க முடியும் என்பதும் தெரிகிறது.

எதற்கும் இந்த அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்றத்தைப் பார்த்ததும், 'இவருக்கு என்ன வேண்டும் என்பது மாறியதா, அல்லது அது வெளியே தெரியும் விதம் மட்டும் மாறியதா?' என்று கேளுங்கள். வில் பிழைத்தது இரண்டாவது வகை. கேட்லினுக்கு நேர்ந்தது முதல் வகை.

முதலில் எடுத்த எபிசோடைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எடுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா? என்ன தப்பு நடந்தது?
– வாசகர், மதுரை

உண்மை. 2009 இறுதியில் டாம் மெக்கார்த்தி இயக்கத்தில் வட அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மொராக்கோ மூன்று இடங்களிலும் எடுத்த முன்னோட்ட எபிசோடு இதுவரை வெளியிடப்படவில்லை. 2011 ஏப்ரல் 17இல் எச்.பி.ஓ.வில் நாம் பார்த்தது டிம் வான் பாட்டன் திரும்ப எடுத்தது. பழையதிலிருந்து சில பகுதிகள்தான் மிஞ்சின. டேனேரிஸாக டாம்சின் மெர்ச்சன்டும் கேட்லினாக ஜெனிஃபர் ஈலும் நடித்திருந்தார்கள். இரண்டு வேடத்துக்கும் ஆள் மாறியது.

தப்பு என்ன என்பதுதான் சுவையானது. எழுதித் தயாரித்த டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் இருவரும் எழுத்தாளர் நண்பர்களைக் கூப்பிட்டு அதைப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் நண்பர்களில் ஒருவரான கிரெய்க் மேசின், இதில் பெரிய பிரச்சினை இருக்கிறது என்று நேராகச் சொன்னார். பார்த்தவர்களுக்கு ராணி செர்சியும் ஜேமியும் உடன்பிறந்தவர்கள், அதிலும் இரட்டையர் என்பதே பிடிபடவில்லை! அது தெரியாவிட்டால் கோபுரத்தில் ப்ரான் பார்ப்பது வெறும் கள்ளத்தொடர்பு. ஒரு சிறுவனைக் கொல்லத் துணியும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கத்தானே தோன்றும்?

நாவலைப் பலமுறை படித்தவர்கள் செய்யும் பிழை இது. அவர்களுக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயம், சொல்லாமல் விட்டது கண்ணில் படவே இல்லை. வெளியான எபிசோடில் எப்படிச் சரிக்கட்டினார்கள் என்று கவனியுங்கள். தலைநகரில் பழைய 'கரம்' ஜான் ஆரினின் உடல் கிடத்தியிருக்கும் மண்டபத்தில் இருவரும் பேசும் காட்சி நாவலில் கிடையாது. அதில் ஜேமி 'உன் சகோதரனாகச் சொல்கிறேன்' என்ற பொருளில் ஆரம்பிக்கிறான். பிறகு மன்னர் பரிவாரம் வின்டர்ஃபெல்லுக்குள் நுழையும்போது, வரிசையில் நிற்கும் குட்டிப்பெண் ஆர்யா அக்காவிடம் 'அதுதான் ஜேமி லானிஸ்டர், ராணியோட கூடப் பிறந்த இரட்டை' என்று உரக்கச் சொல்கிறாள். அக்கா அவளை வாயை மூடச் சொல்கிறாள். வாயாடித் தங்கையின் குணத்துக்குள் ஒளித்து வைத்ததால் தகவல் திணித்த மாதிரி தெரியவில்லை. ஆக, உறவு இரண்டு முறை சொல்லப்படுகிறது, மூன்றாவது முறை கோபுரத்தில் நம் கண்ணால் பார்க்கிறோம்.

இதே சிக்கலின் இன்னொரு முகம் ஊர்கள். எது எங்கே இருக்கிறது என்று படிப்பவர் புத்தகத்தின் வரைபடத்தைப் புரட்டிப் பார்ப்பார், டி.வி. பார்ப்பவர் என்ன செய்வார்? பல்சக்கரங்களோடு கோட்டைகள் முளைத்து எழும் அந்தத் தொடக்க வரைபடம் அதற்கான விடைதான். முதல் எபிசோடில் அது நின்று காட்டுபவை கிங்ஸ் லேண்டிங், வின்டர்ஃபெல், சுவர், கடலுக்கு அந்தப் பக்கம் பென்டோஸ். கதை போகும் இடங்களுக்குத் தக்கபடி எபிசோடுக்கு எபிசோடு மாறும். அந்த ஆண்டு எம்மி விருதும் வாங்கியது.

டேனேரிஸுக்கு ஊதாக் கண் இல்லை. டிரியனுக்கு ஒரு கண் கறுப்பு, ஒரு கண் பச்சை, அதுவும் இல்லை. எல்லோருக்கும் வயதைக் கூட்டியிருக்கிறார்கள். அலட்சியம்தானே?
– வாசகர், ஈரோடு

கண் நிறத்தை விட்டுத்தள்ளுங்கள். லென்ஸ் போட்டுப் பார்த்தார்கள். கண் மூடி போட்ட மாதிரி ஆகி நடிப்பு செத்துப்போனது, கைவிட்டார்கள். க்ளோஸ்-அப்பில் ஓடும் ஒரு தொடருக்கு அது சரியான முடிவு.

வயதில் அலட்சியம் துளியும் இல்லை. ஸ்டார்க் வீட்டுப் பிள்ளைகளில் ப்ரானுக்கு நாவலில் ஏழு, தொடரில் பத்து. ஆர்யா ஒன்பதிலிருந்து பதினொன்று, சான்சா பதினொன்றிலிருந்து பதின்மூன்று, ராபும் ஜானும் பதினான்கிலிருந்து பதினேழு. இந்தப் பிள்ளைகள் படப்போகும் பாட்டை அந்த வயதில் நடிக்க வைக்க முடியாது, சட்டமும் விடாது. பெரிய பிள்ளைகளுக்கு வயதைக் கூட்டினால் ராபர்ட் அரியணை ஏறிய போரும் பின்னால் போக வேண்டுமே? போயிருக்கிறது. நாவலில் சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய போர், தொடரில் பதினேழு ஆண்டு.

கோபுரக் காட்சியைப் பாருங்கள். பிடித்து நிறுத்திய பையனிடம் ஜேமி வயதைக் கேட்கிறான். நாவலில் 'ஏழு' என்கிறான், தப்பித்தோம் என்ற நிம்மதி நடுக்கத்தோடு. தொடரில் 'பத்து'. முன்பே வில்வித்தைக் காட்சியில் ப்ரான் குறி தவறியதும் அண்ணன்கள் சிரிக்க, உங்களில் யார் பத்து வயதில் குறி தவறாதவன் என்று அப்பா மேலிருந்து கேட்கிறார். வயது நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது. கடைசிக் காட்சியில் அந்த எண் திரும்ப வரும்போது அடிவயிற்றைக் கலக்குகிறது. அந்த வில்வித்தைக் காட்சியும் நாவலில் இல்லாததுதான். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஒரு வீட்டையே அறிமுகப்படுத்திவிடுகிறது: தோற்கும் தம்பி, கேலி செய்யும் அண்ணன்கள், பின்னாலிருந்து நடுப்புள்ளியில் அம்பை இறக்கிவிட்டு ஓடும் தங்கை, மாடத்திலிருந்து பார்க்கும் பெற்றோர்.

கோபுரத்தில் ஒன்று மட்டும் குறைகிறது. நாவலில் ப்ரான் வெளியே தொங்கிக்கொண்டு, உள்ளே நெட்டைப் பற்றியும் லைசாவைப் பற்றியும் பேசுவதைக் கேட்கிறான். யார் குரல் என்று அவனுக்குத் தெரியாது, நாம் ஊகிக்கிறோம். தொடர் அந்த ஒட்டுக்கேட்டலைத் தள்ளிவிட்டு நேராகப் பார்ப்பதற்குப் போய்விட்டது.

'வீல் ஆஃப் டைம்' முதல் எபிசோடில் பெரினுக்குத் திடீரென்று மனைவி முளைத்து, அதே எபிசோடில் செத்தும் போகிறாள். நாவலில் அவன் கல்யாணமாகாத பையன். இதற்கு என்ன நியாயம்?
– வாசகர், காரைக்குடி

2021 நவம்பர் 19இல் பிரைம் வீடியோவில் வந்தது அது. ராபர்ட் ஜோர்டனின் முதல் நாவலில் பெரின் பலசாலி, அதனாலேயே தன் கையைக் கண்டு பயப்படுகிறவன். கோடரியா சுத்தியலா என்ற அவன் போராட்டம் முழுக்க மனதுக்குள் பல நாவல்களுக்கு ஓடுகிறது. மனதுக்குள் ஓடுவதை வெளியே கொண்டுவர ஒரு சம்பவம் தேவை என்பது தயாரிப்பாளர் ரேஃப் ஜட்கின்ஸின் வாதம். ட்ரொலாக் என்ற அரக்கர்கள் ஊருக்குள் புகுந்த இரவில், வெறியில் சுழற்றிய கோடரி மனைவி லைலாவைத் தாக்கிவிடுகிறது.

நோக்கம் சரி, கருவி தவறு. நமக்கு அறிமுகமான ஒரு மணி நேரத்துக்குள் சாகிற மனைவியின் மேல் பார்ப்பவருக்கு ஒட்டுதல் வராது. ஆனால் பெரினுக்கு வாழ்நாள் துக்கம் இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகு அவன் சிரித்தால் நமக்கு உறுத்தும், அழுதுகொண்டே இருந்தால் சலிக்கும். ஜோர்டன் மறைவுக்குப் பின் கடைசி மூன்று நாவல்களை எழுதி முடித்த பிராண்டன் சாண்டர்சனே, தொடரின் ஆலோசகராக இருந்தும் இந்த மனைவி யோசனையை எதிர்த்தார். பெரினுக்குத் தொழில் சொல்லித்தந்த கொல்லரை அந்த இடத்தில் வைக்கலாம் என்பது அவர் சொன்ன மாற்று. அதே பாரம், ஆனால் கதையை இவ்வளவு கட்டிப்போடாது.

'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' பற்றி இதே மாதிரிப் புகார் ஏன் குறைவு?
– வாசகி, சேலம்

மூலநூல் நாவலே இல்லை என்பதால். 'ஃபயர் அண்ட் ப்ளட்' ஒரு மெய்ஸ்டர் எழுதிய வரலாறு மாதிரி எழுதப்பட்டது. ஒரே சம்பவத்துக்குப் பூசாரி ஒன்று சொல்வார், அரண்மனைக் கோமாளி இன்னொன்று சொல்வான். ராணி எம்மா பிரசவத்தில் இறந்தாள் என்ற அளவில் நூல் நின்றுகொள்கிறது. முதல் எபிசோடு அந்த அறைக்குள் நம்மை அழைத்துப் போய், மன்னரையே முடிவெடுக்க வைத்து, வெளியே வீரவிளையாட்டில் மண்டை உடைவதோடு மாற்றி மாற்றிக் காட்டுகிறது. அந்தக் காட்சி நூலோடு மோதவில்லை, நூல் எட்டிப் பார்க்காத இடத்தில் புகுந்திருக்கிறது. அந்த எபிசோடில், முன்னோரான மன்னர் ஏகான் கண்டதாக வரும் கனவும் நூலில் இல்லாதது.

டோத்ராக்கி மொழி நாவலிலிருந்து எடுத்ததா?
– வாசகர், வேலூர்

டேனேரிஸ் மணந்து போகும் குதிரைவீரர் இனத்தின் மொழி அது. நாவலில் இருப்பவை சில பெயர்கள், சில சொற்கள், துண்டுத் தொடர்கள். அவற்றை வைத்து டேவிட் ஜே. பீட்டர்சன் என்ற மொழியியலாளர் இலக்கணத்தோடு ஒரு மொழியைக் கட்டினார்.

நான் படித்தவன், வீட்டில் மற்றவர்கள் படிக்காதவர்கள். சேர்ந்து பார்க்கும்போது எப்படி வாயைக் கட்டுவது?
– வாசகர், கும்பகோணம்

'இதைக் கவனிங்க' என்று சொல்லவே சொல்லாதீர்கள். கதை சொல்லிக் கெடுப்பதைவிட அதிகம் கெடுப்பது அந்த வார்த்தைதான். செத்த பெண் ஓநாயின் தொண்டையில் மான் கொம்பு குத்தி நிற்பதைப் பார்த்து நீங்கள் 'ம்ம்ம்' என்று இழுத்தாலே போதும், அது சகுனம் என்று வீட்டுக்கே தெரிந்துவிடும். ஸ்டார்க் கொடியில் ஓநாய், ராபர்ட் கொடியில் மான். பரிவாரம் வந்து இறங்கும்போது கொடியைப் பார்த்து அவர்களே முடிச்சுப் போடட்டும்.

யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டால் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள், அது எபிசோடே சொல்ல விரும்பும் தகவல். 'இவர் நல்லவரா?' என்று கேட்டால் சொல்லாதீர்கள். நாவலோடு ஒப்பிடும் ஆராய்ச்சியை இரண்டாம் முறை தனியாகப் பார்க்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் எபிசோடு எடுத்த இடங்களைப் போய்ப் பார்க்க முடியுமா? டேனேரிஸ் திருமணம் நடக்கும் அந்தக் கல் வளைவு எங்கே?
– வாசகி, கோயம்புத்தூர்

வளைவு மால்டா நாட்டின் கோசோ தீவில் இருந்தது, அஸூர் விண்டோ என்று பெயர். 2017 மார்ச்சில் புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. தீவுக்குப் போகலாம், வளைவு கிடையாது. முதலில் மொராக்கோவில் எடுத்த திருமணத்தில் மார்ட்டினே பென்டோஸ் பிரபுவாக ஒரு தொப்பியோடு வந்து போனார். திரும்ப எடுத்ததில் அவரும் போய்விட்டார்.

மற்ற இடங்கள் வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. ஓநாய்க் குட்டிகளைக் கண்டெடுக்கும் காடு டாலிமோர். வின்டர்ஃபெல் முற்றம் காசில் வார்டு. வில்லின் தலையை வெட்டும் மேடு கெய்ர்ன்காசில் அருகே. ஸ்காட்லாந்தின் டூன் கோட்டை, 2009இல் எடுத்த முன்னோட்டத்துக்கு வின்டர்ஃபெல்லாக இருந்தது. ஒரே பயணத்தில் முடிக்க நினைத்தால் டாலிமோரையும் காசில் வார்டையும் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் டவுன் கவுண்டியில்தான். கெய்ர்ன்காசில் வடக்கே ஆன்ட்ரிம் கவுண்டியில் இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.